படாளம் கூட்ரோட்டில் விண்டோஸ் 98

படாளம் கூட்ரோட்டில் என் கடை மேசை மேல் இருக்கும் புது மடிக்கணினிக்குள் விண்டோஸ் 98 ஓடுகிறது. திரையில் ஒரு சிறு சன்னல். அதற்குள் அந்தப் பழைய மயில்பச்சை, ‘மை கம்ப்யூட்டர்’, குப்பைத்தொட்டி, இடது மூலையில் ‘ஸ்டார்ட்’. ஜெராக்ஸ் எடுக்க வரும் பையன்கள் ஏதோ பழைய கேம் என்று எட்டிப் பார்க்கிறார்கள். 2001இல் நான் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் கட்டிய ஒரு புத்தகத்தை அதற்குள்தான் திறந்து வைத்திருக்கிறேன். இப்போதைக்கு அது திறக்கும் ஒரே இடம் அந்தச் சன்னல்தான்.

கடை போட்டது 1999இல். ஜி.எஸ்.டி. சாலையிலிருந்து வேடந்தாங்கலுக்குத் திரும்பும் இடம் என்பதால் ஆள் நடமாட்டத்துக்குக் குறைவில்லை. அரவைக் காலம் வந்தால் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் வரிசை கட்டி நிற்கும். ஓட்டி வந்தவர்கள் இறங்கி வந்து, கரும்பு விவசாயிகள் கூட்டத்துக்கு நோட்டீஸ் அடிக்கக் கொடுப்பார்கள். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக அழைப்பு, மஞ்சள் நீராட்டு, பள்ளி ஆண்டு மலர் எல்லாம் வரும். பக்கம் கட்டி, ப்ரூஃப் பார்த்து, பட்டர் பேப்பரில் பிரிண்ட் எடுத்து, செங்கல்பட்டு ஆப்செட் அச்சகத்துக்கு பஸ்ஸில் கொண்டுபோவேன். அங்கே அதிலிருந்துதான் பிளேட் போடுவார்கள்.

கணினியில் ஏற்றிவிட்டால் அழியாது என்பது அன்றைக்கு ஊர்ப் பேச்சு. மதுராந்தகத்தில் ஈய எழுத்துப் பெட்டிகளோடு இருந்த அச்சகங்கள் ஒவ்வொன்றாகப் பெட்டிகளை எடைக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். இன்று அந்த ஈய எழுத்தில் 1950களில் கோத்து அச்சடித்த புத்தகம் கிடைத்தால், தூசி தட்டிவிட்டு உடனே படிக்கலாம். அதற்கு அரை நூற்றாண்டு கழித்து நான் செய்த ஃபைலைப் படிக்க, அந்தக் காலத்துக் கணினியையே மறுபடி உண்டாக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஃபைலைக் கேட்டு வந்தவர் ஒரு வாத்தியாரின் மகள். மதுராந்தகம் வட்டத்து ஏரிகளைப் பற்றி அவர் அப்பா ஒரு புத்தகம் எழுதியிருந்தார். எந்த ஏரிக்கு எத்தனை மதகு, கலங்கல் எந்தப் பக்கம், மிஞ்சும் தண்ணீர் அடுத்து எந்த ஏரிக்குப் போகிறது என்று ஊர் ஊராகப் போய், தண்ணீர் பாய்ச்சுகிறவர்களிடம் கேட்டு எழுதியது. மதுராந்தகம் ஏரி உடையாமல் காத்ததாகச் சொல்லப்படும் ஏரி காத்த ராமரும், அந்தக் கதையில் வரும் கலெக்டர் லயனல் பிளேசும் அதில் உண்டு. ஆனால் சாரின் மனமெல்லாம் பேர் தெரியாத சிற்றேரிகளிலும் தாங்கல்களிலும்தான் இருந்தது. சொந்தக் காசில் கொஞ்சம் பிரதி போட்டார். சார் இப்போது இல்லை.

“அண்ணா, அப்பாவோட ஏரி புக்கு உங்ககிட்டதானே டைப் பண்ணினாரு? ஃபைல் இருக்குமா?”

“இருக்கும்மா. சி.டி.யில போட்டு வச்சிருக்கேன். திறக்கறதுதான் வேலை.”

அந்த வேலை ஏன் இவ்வளவு பெரியது என்பதற்கு எழுத்துருவில் இருக்கிறது விடை. அந்நாளில் தமிழ் எழுத்துரு என்பது, ஆங்கில எழுத்துகளுக்கான இடங்களில் தமிழ் வடிவங்களை வரைந்து வைத்தது. பாமினி என்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று அடித்தால் கணினிக்குள் பதிவாவது எம், கே, அரைப்புள்ளி, கே, எச். பாமினி இருந்தால் அது அம்மா. இல்லாவிட்டால் புரியாத ஆங்கிலக் கிறுக்கல். இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் இட ஒதுக்கீடு வேறு. எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியாக்கமான யூனிகோடின் முதல் பதிப்பு 1991இல் வந்தபோதே தமிழுக்கு அதில் இடம் இருந்தது. ஆனால் டி.டி.பி. கடைகளில் யாருக்கும் அதனால் பயனில்லை, ஏனென்றால் பேஜ்மேக்கருக்குக் கடைசிவரை யூனிகோடு வரவில்லை. 1999இல் சென்னையில் தமிழிணையம் மாநாடு கூடி, தமிழக அரசு டாம், டாப் என்ற இரண்டு குறியாக்கங்களை ஏற்றது. யூனிகோடு அரசாணையாக வந்தது 2010இல். அதுவரை தமிழ்நாட்டின் கடைகளிலும் அலுவலகங்களிலும் அடித்தவை பெரும்பாலும் இப்படித் தனித்தனிப் பூட்டுகளுக்குள்தான் கிடக்கின்றன.

என் கடையில் பூட்டு நிஜமாகவே இருந்தது. தமிழ் மென்பொருளோடு தீப்பெட்டி அளவில் ஒரு ‘லாக்’ கொடுப்பார்கள். கணினியின் பின்னால் பிரிண்டர் கேபிள் போகும் வாயில் அதைச் செருகி, கேபிளை அதன் மேல் மாட்ட வேண்டும். அதைப் பிடுங்கினால் விசைப்பலகையில் தமிழ் வராது. இன்றைய மடிக்கணினியில் அந்த வாயே கிடையாது. நல்லவேளையாகப் படிக்கவும் பிரிண்ட் எடுக்கவும் எழுத்துரு ஃபைல்கள் மட்டும் போதும். அவையும் அதே சி.டி.யில் இருந்தன.

அந்த சி.டி.யைத் திறக்க நான் நாடியது, கணினிக்குள் இன்னொரு கணினியை உண்டாக்கும் மெய்நிகர் கணினியை. அந்த யோசனை புதிதல்ல. ஒரு பெரிய இயந்திரத்தைப் பல கணினிகளாகப் பிரித்துக் கொடுக்கும் வி.எம்./370ஐ ஐ.பி.எம். 1972லேயே அறிவித்துவிட்டது. வீட்டில் ஒரு போர்ஷனை வாடகைக்கு விடுவது மாதிரி, நம் கணினியின் நினைவகத்திலும் வட்டிலும் கொஞ்சம் ஒதுக்கித் தருகிறோம். உள்ளே குடியேறும் இயங்குதளம் அதையே முழுக் கணினி என்று எண்ணி வேலை செய்கிறது. நான் போட்டுக்கொண்டது வர்ச்சுவல்பாக்ஸ். ஜெர்மனியின் இன்னோடெக் 2007இல் வெளியிட்டது, பிறகு சன் நிறுவனத்தின் கைக்குப் போய், 2010இல் ஆரக்கிளிடம் வந்தது. காசு கட்டத் தேவையில்லை.

1999இல் வாங்கிய கணினிக்கு 64 எம்.பி. நினைவகம், 4 ஜி.பி. சொச்சம் ஹார்ட் டிஸ்க். அதற்குக் கடன் வாங்கினேன், தவணை கட்டினேன், கரண்ட் போனால் காப்பாற்ற யு.பி.எஸ். வைத்தேன். இப்போது உள்ளே உண்டாக்கிய கணினிக்கு 256 எம்.பி. ஒதுக்கினேன். மடிக்கணினிக்கு அது பொருட்டே இல்லை. அதிகமாகக் கொடுக்கவும் கூடாது, 512ஐத் தாண்டினால் 98 தடுமாறும். அன்றைய முழுக் கணினியும் இன்று ஒரே ஒரு ஃபைல். பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம்.

அசல் 98 சி.டி.யும் அதன் உறையில் ஒட்டிய எண்ணும் இருந்தன. சி.டி.யை ஐ.எஸ்.ஓ. ஃபைலாக எடுத்து மாட்டினேன். வட்டைப் பிரி, ஃபார்மேட் செய், நிறுவு என்று அதே பழைய வரிசை. புதிய செயலிகள் சிலவற்றில் 98 பிழை காட்டி நடுவில் நின்றுவிடும். அதற்கென்றே ஆர்வலர்கள் ஒட்டுநிரல் எழுதிப் பொதுவில் வைத்திருக்கிறார்கள். முகம் தெரியாத அவர்களுக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். முதலில் வந்த திரை பதினாறே நிறம், 640க்கு 480. பேஜ்மேக்கரின் கருவிப் பலகைகளே பக்கத்தை மறைத்துவிடும் அளவு சின்னது. பொதுத் திரை இயக்கி ஒன்றைப் போட்ட பிறகுதான் பக்கம் முழுசாகத் தெரிந்தது. இணையத் தொடர்பை ஆரம்பத்திலேயே துண்டித்துவிட்டேன். 98க்கு மைக்ரோசாப்ட் பாதுகாப்புத் திருத்தம் தருவதை 2006 ஜூலையில் நிறுத்திவிட்டது. அதை வலையில் விடக்கூடாது.

உள்ளே ஃபைல் கொண்டுபோவதும் வெளியே எடுப்பதும் தனி வித்தை. 98க்கு, வெளிக் கணினியோடு ஃபோல்டர் பகிரும் வசதி கிடையாது. கொண்டுபோக வேண்டியதை ஐ.எஸ்.ஓ.வாக்கி, சி.டி. போல மாட்ட வேண்டும். வெளியே எடுக்க, பேஜ்மேக்கரிலிருந்து போஸ்ட்ஸ்கிரிப்ட் ஃபைலாக அச்சிட்டு, உள்கணினியை அணைத்துவிட்டு, அதன் வட்டை செவன்-ஜிப்பால் திறந்து எடுக்கிறேன். கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற மென்பொருள் அதை பி.டி.எஃப். ஆக்கித் தருகிறது.

புத்தகம் திறந்ததும் முதல் பக்கத்தில் சார் கேட்டு வாங்கிய கோலக் கரையும், அதற்குள் தடித்த எழுத்தில் தலைப்பும் அப்படியே நின்றன. உள்ளே மதகுகளின் அட்டவணை, டேப் அடித்து அடித்து நான் நேர் செய்த பத்திகள், ஒரு வரியும் விலகாமல் இருந்தன. பட்டர் பேப்பரில் பார்த்த பக்கத்தைத் திரையில் பார்த்தேன். இன்றைய சொல்செயலியில் என்னதான் மாற்றி ஒட்டினாலும் அந்த அமைப்பு வராது. எழுத்துகளை மட்டும் காப்பாற்றினால் பாதி வேலைதான், ஆசிரியர் நினைத்த பக்கமும் சேர்ந்து பிழைக்க வேண்டும். மெய்நிகர் கணினி செய்து தருவது அதைத்தான்.

எழுத்தை யூனிகோடுக்கு மாற்றுவது அடுத்த கட்டம். என்.எச்.எம். கன்வர்ட்டர், சுரதாவின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் இதற்கென்றே எழுதப்பட்டவை. பழைய முறையில் ‘கொ’ என்பது கொம்பு, ககரம், கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் அடித்தது. யூனிகோடில் ககரம் முன்னால் வரும், உயிர்க்குறி பின்னால். மாற்றி அதைத் திருப்பிக் கோத்துவிடும். ஆனால் வரி முறிந்த இடங்களில் கொம்பு தனியாக நின்றுவிடுகிறது. அதைக் கண்ணால்தான் பிடிக்க முடியும்.

ஓலைச்சுவடிக்குச் சென்னையில் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. பழைய அச்சுப் புத்தகத்துக்கு, கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்ததிலிருந்து 1994இல் எழுந்த நூலகம் இருக்கிறது. 1990களுக்கும் 2010க்கும் நடுவில் சிற்றூர்க் கடைகளில் கட்டிய பக்கங்களும் அப்படிப் பேணத் தக்கவையே. சங்க நோட்டீஸ், கோயில் தல வரலாறு, உள்ளூர்க் கவிஞரின் ஒரே தொகுப்பு எல்லாம் அதில் அடக்கம். அச்சான பிரதிகள் சொற்பம். மூலம் இருப்பது கடைக்காரர்களின் சி.டி. உறைகளில், அந்த சி.டி.க்களும் வெளுத்துக்கொண்டு வருகின்றன. தமிழ் இணையக் கல்விக்கழகம் புத்தகங்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிறது, நல்ல வேலை. அதோடு இந்த மூல ஃபைல்களையும், அவற்றின் எழுத்துருக்களையும், அவற்றைத் திறக்கும் ஒரு மெய்நிகர் கணினியையும் சேர்த்து வாங்கி வைத்தால், என் போன்றவர்கள் வரிசையில் நின்று கொடுப்போம்.

சாரின் மகளிடம் பி.டி.எஃப். கொடுத்தாகிவிட்டது. யூனிகோடு பிரதியை அவர் வீட்டில் அச்சுப் புத்தகத்தோடு வரிக்கு வரி ஒப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மதகு அட்டவணையில் இரண்டு இடத்தில் எண் மாறியிருப்பதாக நேற்று போன் செய்தார். அது மாற்றியின் பிழையா, 2001லேயே அச்சில் விழுந்த பிழையா என்று பார்க்கச் சாரின் கையெழுத்து நோட்டு வேண்டும். தேடிக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார். மதுராந்தகத்தில் கடையை மூடிவிட்ட நண்பர் ஒருவர் தன்னிடமிருக்கும் சி.டி.க்களைக் கொடுத்தனுப்புவதாகச் சொன்னார். ஃபைலோடு எழுத்துருவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.