விரலறிவு: ஷார்ட்கட் விசைகள் குறித்த ஒரு தொடக்கநிலை ஆய்வு

தொல்காப்பிய மரபியல் உயிர்களை ஓரறிவு தொடங்கி ஆறறிவு வரை வரிசைப்படுத்துகிறது. தொடுவதை மட்டும் அறிவன புல்லும் மரமும். அதன்மேல் நா, மூக்கு, கண், செவி என ஒவ்வொன்றாக ஏறி, மனத்தில் போய் முடிகிறது கணக்கு. இந்த வரிசையில் கம்ப்யூட்டர் புரோகிராமரை எங்கே வைப்பது என்று உரையாசிரியர் ஒருவரும் சொல்லாமல் போனார்கள். அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம் என்க.

ஆய்வு எல்லை: விம் என்னும் எடிட்டரும், அதைப் பெற்றெடுத்த வீஐயும். ஈமேக்ஸ் பங்காளி முறையில் வந்துபோகும். நோட்பேடைத் திறந்து மவுசால் மேய்ந்து, வேலையை முடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுபவர்கள் ஆய்வுக்கு அப்பாற்பட்ட ஞானிகள். அவர்களை இங்கே தொடவில்லை.

ஆய்வுக்கு வித்திட்டது எந்த ஆபிசிலும் காணக்கூடிய ஒரு காட்சி. விம்மில் ஊறிய ஒருவரிடம், "இப்ப அந்த வரியை எப்படி சார் மேல ஏத்துனீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உடனே பதில் வராது. அவர் கண்ணை மோட்டுவளையில் நட்டு, கையை மேசை விளிம்பில் வைத்து, வெறும் மரத்தில் ஏதோ தட்டுவார். தட்டிய விரலைத் தாமே குனிந்து பார்ப்பார். பிறகுதான், "டி டி, கே, பெரிய பி" என்று வாயிலிருந்து வரும். அதாவது தெரிந்திருந்தது விரலுக்கு. வாய்க்குக் கிடைத்தது கேள்வி ஞானம். இவ்வகை அறிவுக்கு ஏழாம் அறிவு என்று பெயரிட நினைத்தேன். 2011இலேயே ஒரு திரைப்படம் அந்தப் பெயரை எடுத்துக்கொண்டதால், விரலறிவு என்று வைத்துக்கொள்வோம்.

இனி வரலாறு. 1976இல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த பில் ஜாய் வீஐயை எழுதினார். அவர் முன்னால் இருந்தது லியர் சீக்லர் கம்பெனியின் ஏடிஎம்-3ஏ என்ற டெர்மினல். அதில் அம்புக்குறிக்கென்று தனி விசை கிடையாது. எச், ஜே, கே, எல் என்னும் நான்கு விசைகளின் தலையிலேயே இடம், கீழ், மேல், வலம் என்று அம்புகளை அச்சிட்டுவிட்டார்கள். ஏன் இந்த நான்கு என்று கேட்பது ஆய்வாளர் கடமை. எச் ஆங்கிலத்தில் எட்டாவது எழுத்து. அதைக் கண்ட்ரோலோடு தட்டினால் பிறப்பது ஆஸ்கி குறியீட்டில் 8; 8 என்றால் ஓரெழுத்து பின்னால் வருவது. ஜே பத்தாவது, 10 என்றால் அடுத்த வரிக்கு இறங்குவது. 11க்கும் 12க்கும் உரிய கே, எல் இரண்டுக்கும் அந்த டெர்மினல் மேலையும் வலத்தையும் பங்கிட்டுக் கொடுத்தது. நடுவில் ஒன்பதாவதாக நிற்க வேண்டிய ஐ எங்கே என்று கேட்டால், அந்த 9 ஏற்கெனவே டேப்புக்குப் போய்விட்டது. எல்லாவற்றுக்கும் காரணம் இருந்திருக்கிறது. அந்தக் காரணம் இன்று விம் கற்பவர் ஒருவருக்கும் தேவைப்படுவதில்லை என்பது வேறு விஷயம்.

ஜாய் வீட்டிலிருந்து வேலை பார்த்த மோடம் 300 பாட் வேகத்தில் ஓடியது. நொடிக்குச் சுமார் 30 எழுத்து. 80 எழுத்து அகலமும் 24 வரியும் கொண்ட ஒரு திரை முழுக்க நிரம்ப ஒரு நிமிடத்துக்கு மேல் பிடிக்கும். கட்டளையை ஓரெழுத்தில் முடித்தாக வேண்டிய நெருக்கடி அங்கிருந்து வந்தது. எழுதுவதிலிருந்து கட்டளைக்குத் திரும்ப வேண்டிய எஸ்கேப் விசையும் அந்த டெர்மினலில் இன்று டேப் இருக்கும் இடத்தில், சுண்டுவிரல் படும் தூரத்தில் இருந்தது. பிற்காலத்தில் விசைப்பலகை செய்தவர்கள் எஸ்கேப்பைத் தூக்கி இடதுகோடி மூலையில் வைத்தார்கள். ஆறு போக்கை மாற்றிக்கொண்ட பிறகும் பழைய படித்துறையிலேயே குளிக்க இறங்குகிற ஊரைப்போல, விம் கூட்டம் பல பத்தாண்டுகளாக அந்த மூலைக்குக் கை நீட்டிக்கொண்டிருக்கிறது.

பங்காளி வீட்டிலும் இதே துயரம். ஈமேக்ஸும் 1976தான், எம்ஐடியில் ரிச்சர்ட் ஸ்டால்மன் முதலானோர் செய்தது. அங்கே அன்று புழங்கிய விசைப்பலகைகளில் கண்ட்ரோல் ஸ்பேஸ்பாருக்குப் பக்கத்தில் இருந்ததால் எதற்கெடுத்தாலும் கண்ட்ரோல் என்று வைத்தார்கள். பின்னர் கண்ட்ரோல் கோடிக்குப் போனது. சுண்டுவிரல் வலி ஒன்றுக்கு ஈமேக்ஸின் பெயரே நிலைத்தது. இரு சாராரும் ஒத்துப்போகும் ஒரே இடம் கேப்ஸ் லாக். அது யாருக்கும் உதவாத விசை என்பதில் கருத்து வேறுபாடில்லை. அதை எஸ்கேப்பாக மாற்றுவதா கண்ட்ரோலாக மாற்றுவதா என்பதில்தான் சண்டை.

அடுத்து இலக்கணம். விம்மின் கட்டளைகள் தனித்தனி மந்திரங்கள் அல்ல, வாக்கியங்கள். டி என்பது அழி என்னும் வினை, டபிள்யூ ஒரு சொல். டி, 3, டபிள்யூ என்று தட்டினால், 'அழி, மூன்று, சொல்'. வினை முன்னால் நிற்பதைக் கவனிக்கவும். தமிழ் வாய்க்கு இது கொஞ்சம் இடறும். ஆனால் விம்மிலேயே 'விஷுவல்' என்றொரு நிலை உண்டு. அங்கே வேண்டிய பகுதியை முதலில் பிடித்துக்கொண்டு, பிறகு டி தட்ட வேண்டும். செயப்படுபொருள் முன்னே, பயனிலை பின்னே. காகூன், ஹீலிக்ஸ் போன்ற பின்வந்த எடிட்டர்கள் இந்த வரிசையையே பொது விதியாக்கிவிட்டன. எடிட்டர் உலகம் ஐம்பதாண்டு அலைந்து தமிழ்த் தொடரமைப்புக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று இவ்வாய்வாளர் துணிந்து கூறுகிறார். அந்த எடிட்டர்களைச் செய்தவர்களுக்கு இது தெரியாது என்பது கூற்றின் வலுவைக் குறைக்காது. நம் ஆய்வுலகில் எப்போதுமே குறைத்ததில்லை.

விம்மில் எழுதும் நிலை வேறு, கட்டளை நிலை வேறு. ஒரே ஜே ஓரிடத்தில் எழுத்து, இன்னோரிடத்தில் இறங்கும் படி. இப்படி நிலை மாறுவதை வாழ்நாள் முழுவதும் எதிர்த்தவர் லாரி டெஸ்லர். ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் டிம் மாட்டுடன் சேர்ந்து கட், காபி, பேஸ்டை உலகுக்குத் தந்தவர். தம் கார் நம்பர் பிளேட்டிலேயே 'நோ மோட்ஸ்' என்று போட்டுக்கொண்டவர். அவர் பேச்சைக் கேளாததன் விளைவு தெரிந்ததே. விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்ற கேள்வியை அதுவரை பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள் என்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 2017இல் அறிவித்தது. இத்தனைக்கும் விம்முடனேயே வரும் 'விம் டியூட்டர்' அரைமணிப் பாடந்தான். அதில் முதல் பாடம் நகர்வது, இரண்டாவது பாடமே வெளியேறுவது. படிப்பார் இல்லை. 1991இல் விம்மை வெளியிட்ட நெதர்லாந்துக்காரர் பிராம் மூலனார், உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்ற வேண்டுகோளையும் அதன் தொடக்கத் திரையில் வைத்தார். அவர் 2023இல் காலமானார். வெளியேற வழி தெரியாமல் உட்கார்ந்திருப்பவர்கள் அந்த வரியையாவது படித்திருக்கலாம்.

ஈண்டு ஒரு தடை எழும்: இவ்வளவும் கற்றால் நேரம் மிச்சமாகுமா? ஆப்பிளில் பணியாற்றிய புரூஸ் டோக்னாசினி, 1980களின் இறுதியில் ஆப்பிள் சோதனைகளைச் சுட்டிக்காட்டி எழுதினார்: விசைப்பலகைதான் வேகம் என்று பயனர்கள் சொல்கிறார்கள்; ஸ்டாப்வாட்ச் மவுசுதான் வேகம் என்கிறது. எந்த ஷார்ட்கட் என்று யோசிக்கும் அந்த ஒன்றிரண்டு நொடி மனத்தில் பதிவாவதே இல்லை, மறந்துபோகிறது என்பது அவர் விளக்கம். விம் கூட்டம் இதைக் கேட்டால் ஸ்டாப்வாட்சையே மாற்றச் சொல்லும். நடுவு நின்று பார்த்தால் இரண்டும் சரி. யோசித்துத் தட்டும்வரை அது மனத்தின் வேலை, மவுசு ஜெயிக்கும். யோசனை ஒழிந்து விரலுக்கு இறங்கியபின் ஒப்பிடவே முடியாது. நம்மூர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் லோயர் முடித்த எவருக்கும் இது தெரியும். ஏ, எஸ், டி, எஃப் எங்கே இருக்கிறது என்று கேட்டால் அவர்களும் மேசையைத்தான் தட்டிக் காட்டுவார்கள்.

ஆனால் விரலுக்கு இறங்கிய அறிவுக்கு இடம் பொருள் ஏவல் தெரியாது. விம்மில் எழுதும்போது கண்ட்ரோல் டபிள்யூ தட்டினால் கடைசிச் சொல் அழியும். அதே விரல் பிரவுசரில், பாதி நிரப்பிய விண்ணப்பத்தில் ஒரு சொல்லைத் திருத்தப் போய் டேபையே மூடிவிடும். சேமிக்கும் நினைப்பில் டெர்மினலில் கண்ட்ரோல் எஸ் தட்டியவருக்குத் திரை அப்படியே உறைந்து நிற்கும்; டெலிபிரிண்டர் காலத்து 'நிறுத்து' சைகை அது. கண்ட்ரோல் கியூ தட்டினால் உயிர் வரும். அது தெரியாமல் கம்ப்யூட்டரையே அணைத்துப் போட்டவர்கள் உண்டு.

தமிழில் தட்டச்சு செய்பவர் பாடு இன்னும் விசேஷம். தமிழ்நாடு அரசு 1999இல் ஏற்ற தமிழ்99 விசைப்பலகையில் எச், ஜே, கே, எல் நான்கும் முறையே க, ப, ம, த. கட்டளை நிலையில் இரண்டு வரி இறங்கலாம் என்று ஜேயைத் தட்டினால், 'ப' என்றால் என்ன என்று விம் விழிக்கும். எழுதும் நிலையில் இருப்பதை மறந்து தட்டினாலோ, ஒரே மெய் இரட்டித்தால் தானே புள்ளி வைக்கும் விதிப்படி, 'ப்ப' என்று பிழையில்லாமல் விழும். ஒற்று மிகுந்ததே தவிர கர்சர் நகர்ந்தபாடில்லை.

இனி முடிபு. விரலறிவை ஆறுக்கு மேல் ஏழாவதாக வைப்பதே பொருத்தம் என்று விம் அன்பர்கள் வாதிடுவர். ஆய்வு அதற்கு இடம் தரவில்லை. மனம் மறந்தால்தான் இந்த அறிவு தொடங்குகிறது. கண்ணோ செவியோ இதற்கு வேண்டாம். தொடுதல் ஒன்றே போதும். தொல்காப்பிய வரிசைப்படி அது ஓரறிவு. ஆகவே தேர்ந்த புரோகிராமரின் இடம் புல்லுக்கும் மரத்துக்கும் அருகில் என்பது இக்கட்டுரையின் துணிபு. வேர் விட்ட இடத்தைவிட்டு நகராமை, எடிட்டரை மாற்றச் சொன்னால் அசையாமை முதலிய துணைச்சான்றுகளும் பொருந்தி வருகின்றன.

இப்பொருளில் மேலாய்வு செய்ய முன்வருவோருக்கு ஒரு வேண்டுகோள். விம்மைத் திறக்குமுன் வெளியேறும் வழியை ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிக்கொள்ளுங்கள். முதலில் எஸ்கேப், பிறகு முக்காற்புள்ளி, கியூ, ஆச்சரியக்குறி, கடைசியில் என்டர். ஆங்கில விசைப்பலகைக்கு மாறிவிட்டுத் தட்டவும். கடைசியாகச் சேமித்ததற்குப் பிறகு எழுதியது எதுவும் மிஞ்சாது.