பாலமும் காலணியும்

கேள்வி: குடும்பத்துடன் நியூசிலாந்துக்குச் சாகசச் சுற்றுலா புறப்படுவோர் முதலில் யாருக்கு அஞ்ச வேண்டும்?

பதில்: விமான நிலையத்தில் காலணியைத் திருப்பிப் பார்க்கும் அதிகாரிக்கு. அயல்நாட்டுப் பூச்சியும் விதையும் நோய்க்கிருமியும் நுழையாதபடி காக்கும் ஏற்பாடாகிய உயிரிப் பாதுகாப்பில் அந்நாடு கறாராக இருப்பதால், மலையேற்றக் காலணியின் அடியில் ஒட்டிய மண்ணைச் சுரண்டிக் கழுவிச் செல்வதே நன்று. வருகைப் படிவத்தில் குறிப்பிடப்படாமல் பைக்குள் பதுங்கிய ஓர் ஆப்பிளின் விலை 400 நியூசிலாந்து டாலர் அபராதமாக உயரக்கூடும்.

அந்த அதிகாரியைக் கடந்தவர்களுக்குக் குயின்ஸ்டவுன் அருகிலுள்ள கவராவ் பாலம் எளிதே. நீளும் ரப்பர் கயிற்றைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு உயரத்திலிருந்து குதிக்கும் பஞ்சீ விளையாட்டு, 1979 ஏப்ரல் 1 அன்று (நாள் பொருத்தம் பார்த்தே நடந்தது போலும்) இங்கிலாந்தின் கிளிஃப்டன் பாலத்திலிருந்து சிலர் குதித்ததில் நவீன வடிவம் பெற்று, 1988இல் 43 மீட்டர் உயரமுள்ள கவராவ் பாலத்தில் நிலையான தொழிலாயிற்று. குதிப்பவரின் எடைக்கேற்பவே கயிறு அமைவதால், அவரை எடை பார்த்து அந்த எண்ணைக் கையிலேயே பேனாவால் எழுதிவிடுகிறார்கள். திருமண நாள் முதல் ஒருவருக்கொருவர் மறைத்துவந்த எடையைக் கணவனும் மனைவியும் பிள்ளைகளின் முன்னிலையில் வெளியிட நேரும் அந்தக் கணமே, குதிப்பதைவிட மிகுந்த துணிவை வேண்டுவது எனலாம். துணியாதோருக்குப் பார்வையாளர் மேடை உண்டு.