டாக்டருக்கு வாய்ப்பூட்டு

கஞ்சாவில் மருத்துவப் பயன் அணுவளவும் இல்லை என்று 1970-இல் சட்டம் போட்டு, அதை ஹெராயினுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தது அமெரிக்க அரசாங்கம். அதே அரசாங்கம்தான் மிசிசிப்பி பல்கலைக்கழகத் தோட்டத்தில் கஞ்சா பயிரிட்டு, சிகரெட்டாகச் சுருட்டி, டப்பாவில் அடைத்து நோயாளிக்குக் கொடுத்தது. அதுவும் இலவசமாக!

முதல் பயனாளி ராபர்ட் ராண்டல். கண் அழுத்த நோயால் பார்வை போய்க்கொண்டிருந்த மனிதர், வாஷிங்டனில் வீட்டிலேயே செடி வளர்த்தார். 1975-இல் போலீஸ் வந்து செடியோடு ஆளையும் பிடித்தது. மறுவருடம் நீதிபதியோ, "கண்ணைக் காப்பாற்ற இவருக்கு வேறு வழியில்லை" என்று விட்டுவிட்டார். செடியைப் பிடுங்கிய கையாலேயே சரக்கை நீட்ட வேண்டிய தலையெழுத்து அரசாங்கத்துக்கு. அவரைப் பார்த்து எய்ட்ஸ் நோயாளிகளும் வரிசை கட்டியதும், 1992-இல் அப்பா புஷ் அரசு "புது ஆட்களுக்கு இல்லை" என்று ஷட்டரை இறக்கியது.

1996 நவம்பரில் கலிபோர்னியா மக்கள் ஓட்டுப் போட்டு, டாக்டர் சரியென்றால் நோயாளி வைத்துக்கொள்ளலாம் என்று சட்டமாக்கினார்கள். வாஷிங்டனுக்கு வந்ததே கோபம்! அத்தனை நோயாளிகளை எங்கே தேடிப் பிடிப்பது? டாக்டர் என்றால் வாசலிலேயே போர்டு மாட்டியிருப்பார். டிசம்பர் 30 அன்று போதை ஒழிப்புத் தளபதி பேரி மெக்காஃப்ரி, நிஜமாகவே ராணுவ ஜெனரலாக இருந்தவர், இரண்டு அமைச்சர்கள் புடைசூழ மிரட்டினார்: கஞ்சாவைப் பரிந்துரைத்தால் கட்டுப்பாட்டு மருந்துகள் எழுதும் உரிமம் பறிபோகும், அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் பணமும் வராது.

சான் பிரான்சிஸ்கோவின் எய்ட்ஸ் மருத்துவர் மார்கஸ் கொனான்ட் சும்மா இருக்கவில்லை. சக டாக்டர்களும் நோயாளிகளும் சேர, வழக்குப் போட்டார். 2002-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், டாக்டர் நோயாளியிடம் பேசுவதும் பேச்சுரிமைதான் என்றது. சீட்டு எழுதக்கூடாது, வாங்கித் தரக்கூடாது. "இது உனக்கு உதவலாம்" என்று வாயால் சொல்லலாம். அரசு உச்ச நீதிமன்றத்துக்கு ஓடியது. 2003-இல் அங்கே மனுவை எடுக்கவே இல்லை. அதே வருடம், கஞ்சாவிலுள்ள சில பொருட்கள் நரம்பைக் காக்கும் என்று சொல்லி அமெரிக்கச் சுகாதாரத் துறை ஒரு காப்புரிமை வாங்கியிருந்தது. வெட்கம் என்பது பட்டியலில் இல்லாத மருந்து போலும்.

டாக்டர் தப்பினார், நோயாளி மாட்டினார். ஒரு பெண் வீட்டில் வளர்த்த ஆறு செடிகளை மத்திய அதிகாரிகள் அழித்த வழக்கில், 2005-இல் உச்ச நீதிமன்றம் அரசின் பக்கம் நின்றது. வேலியைக்கூடத் தாண்டாத செடிகள் மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பாதிக்குமாம்!

2014-இல் நாடாளுமன்றம் ஒரு குறுக்குவழி கண்டது. சட்டத்தைத் தொடவில்லை, மாநில மருத்துவக் கஞ்சா சட்டங்களில் மூக்கை நுழைக்க நீதித்துறை அமைச்சகத்துக்குக் காசு கிடையாது என்று பட்ஜெட்டில் ஒரு வரி சேர்த்தது. பட்ஜெட் வரி என்பதால் ஆயுள் கொஞ்சம்தான். காலாவதியாகும் முன் மறுபடி மறுபடி எழுத வேண்டும்.