ஆறிப்போன வடை

நேற்று எனக்கு ஒன்பதாவது டி.சி. (டாக்டோரல் கமிட்டி) மீட்டிங். நாலரை வருஷ ஆய்வைப் பற்றி என் கைடு சொன்னது: “போகட்டும், பார்த்துக்கலாம்.” வடையைப் பற்றிச் சொன்னது: “ஆறிப்போச்சே தம்பி. உள்ளே மாவு வேகலை. எந்தக் கடை?”

தம்பிக்கு வயது 41. பத்து மணிக் கூட்டத்துக்கு ஒன்பதே முக்காலுக்கே சுடச்சுட வாங்கிக்கொண்டு வந்து நின்றவன் நான். ஐயா வந்தது பன்னிரண்டே காலுக்கு. என் தலைப்பு முல்லைத்திணை. முல்லைக்கு உரிப்பொருள் இருத்தல், அதாவது காத்திருத்தல். களப்பணிக்கு நான் வெளியூர் போகவே வேண்டியதில்லை. கைடு அறை வாசலில் ஒரு கால் ஆடும் பெஞ்சு ஒன்று கிடக்கிறது, அது போதும்.

முனைவர் பட்ட நெறியாள்கையைச் சீராக்க என்னிடம் மூன்று யோசனைகள் உண்டு. அவற்றை எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன் இந்த வடை விவகாரத்தை முடித்துவிடுகிறேன்.

முதல் மீட்டிங்குக்கு விவரம் தெரியாமல் மாரி பிஸ்கட் வாங்கிப் போனேன். தலைப்பையே மாற்றச் சொல்லிவிட்டார்கள். இரண்டாவதற்குச் சமோசா. வெளியிலிருந்து வந்த உறுப்பினருக்கு நெஞ்செரிச்சல். “இரண்டாம் இயல் மேலோட்டமா இருக்கு” என்றார். மூன்றாவதற்கு மைசூர் போண்டாவும் பாதுஷாவும். நாலே நிமிஷத்தில் கையெழுத்து விழுந்தது. அன்றிலிருந்து நோட்டுப் போட்டு எழுதிவைக்கிறேன். ஐயாவுக்குச் சர்க்கரை இல்லாத காபி, கூடவே இரண்டு ஜாங்கிரி. ஓர் உறுப்பினருக்கு வெங்காயம் ஆகாது. இன்னொருவர் அங்கே எதையும் தொடமாட்டார், வீட்டுக்குப் பார்சல். ஆய்வேட்டின் துணைநூற்பட்டியல் இன்னும் அரைகுறை. இந்தப் பட்டியல் மட்டும் ஒரு பிழையில்லாமல் அகரவரிசையில் இருக்கிறது.

முதல் யோசனை என்னவென்றால்... இருங்கள், சட்னியைச் சொல்லாமல் விட்டேன்.

ஏழாவது மீட்டிங்கில் தேங்காய்ச் சட்னிப் பொட்டலம் பிய்த்துக்கொண்டு என் மூன்றாம் இயலின் மேல் ஊற்றியது. ஐயா பதறிப்போய்த் தன் கையாலேயே துடைத்தார். 47ஆம் பக்கத்தில் எண்ணெய்க் கறை, அதன் நடுவே அவருடைய கட்டைவிரல் ரேகை, ஓரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒரு கடுகு. நாலரை வருஷத்தில் அவர் கைபட்ட ஒரே பக்கம் அதுதான். பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறேன்.

யு.ஜி.சி. விதியில் எல்லாம் எண்ணி எண்ணி எழுதியிருக்கிறது. பேராசிரியரிடம் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6, உதவிப் பேராசிரியரிடம் 4. குறைந்தது 3 வருஷம், அதிகபட்சம் 6. அரையாண்டுக்கு ஒருமுறை முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். ஐயாவிடம் இடம் காலியில்லை, 8 பேர் இருக்கிறோம். கணக்குப் போட்டால் வருஷத்துக்கு 16 நாள் அவருக்கு மத்தியானச் சாப்பாடு தேவைப்படாது. ஆனால் கைடு எத்தனை பக்கம் படிக்க வேண்டும் என்று மட்டும் யாருக்கும் எழுதத் தோன்றவில்லை. ஆய்வேட்டில் ஒப்புமை 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாதாம். ஐயா ஒன்பது கூட்டத்தில் சொன்ன கருத்துரைகளை அந்தப் பிளேஜரிசம் சோதனையில் போட்டுப் பாருங்கள், நூற்றுக்கு நூறு காட்டும்.

நான் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. திருத்த வேண்டிய பள்ளிக்கூடத்து விடைத்தாளைச் சாக்காக வைத்து நாலாம் இயலில் ஒரு வரிகூட எழுதாமல்தான் நேற்றுப் போனேன். “பார்த்துக்கலாம்” என்று அவர் சொன்னதும் எனக்கு உயிர் வந்தது. படிக்கிற கைடாக அமைந்திருந்தால் இரண்டாவது வருஷமே மாட்டியிருப்பேன். இருந்தாலும் வடை வேகவில்லை என்று சொல்லலாமா? இரண்டரை மணி நேரம் அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து?

அடுத்த மீட்டிங் டிசம்பரில். பல்கலைக்கழகங்களின் பக்கத்தில் குடியிருக்கும் வாசகர்களே, பன்னிரண்டே காலுக்குப் புது ஈடு போடுகிற கடை ஏதாவது தெரிந்தால் தயவுசெய்து எழுதுங்கள்.