பிரட்டுக்கு முன் ஒரு பக்கம்

கேள்வி: விடிந்தால் பாடசாலை, பின்னேரம் கிழங்குத் தோட்டம், ஞாயிறு கோயிலில் பிரசங்கம். இதற்குள் ஓர் இறையியல் நூல் எழுத ஆசை. நேரத்தை எங்கே தேடுவது?
– ஆசிரியர் ஒருவர், வெலிமடை

பதில்: தேடினால் கிடைக்காது, ஒதுக்கினால் கிடைக்கும். 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானிய மிஷனரி சீகன்பால்கு தமிழை முதலெழுத்திலிருந்து கற்றார். அதற்காக நாளைக் கூறு போட்டார். காலை ஏழு முதல் எட்டு வரை சொற்களை மனப்பாடம் செய்தார். எட்டு முதல் நண்பகல் வரை ஒரு முதிய புலவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் நூல்களை வாசித்தார். பிற்பகலில் உபதேசம். மாலையில் கண்ணுக்கு ஓய்வு கொடுத்து, இன்னொருவர் வாசிக்கக் காதால் கேட்டார். 1708-ல் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பை 1711-ல் முடித்தார். இடையில் சில மாதங்கள் சிறையிலும் இருந்தார். 1715-ல் நூல் அச்சேறியது.

உங்களுக்கு அத்தனை மணி நேரம் வேண்டாம். தோட்டத்தில் பிரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, ஆள் சேருமுன் முக்கால் மணி நேரம் போதும். வாரம் ஐந்து பக்கம் எழுதினால், வருஷம் திரும்பும்போது 260 பக்கம் கையில் இருக்கும்.

கேள்வி: விடியற்காலையில் கொப்பியோடு உட்கார்ந்தால் வீட்டில் முகம் சுளிக்கிறார்கள். என்ன செய்ய?
– உபதேசியார், ஊவா பரணகம

பதில்: அந்த நேரத்தில் அடுப்பு மூட்டுவது யார், தண்ணீர் சுமப்பது யார் என்று முதலில் பாருங்கள். கிருபையைப் பற்றி எழுதப்போகிறவர் இரண்டு குடம் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் பேனையை எடுத்தால், அத்தியாயமும் தேறும், வீடும் சிரிக்கும். மனைவியின் முதுகில் பாரத்தை ஏற்றிவிட்டு எழுதுகிற அன்பின் இறையியலை யார் நம்புவார்? எந்த நேரம் உங்களுடையது, எந்த வேலை உங்களுடையது என்று வீட்டாரோடு உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.

கேள்வி: அப்புத்தளை அதிஷம் மடத்துத் துறவிகளைப் போலக் குடும்பப் பாரம் இல்லாதவர்களுக்குத்தானே இதெல்லாம் சரிவரும்?
– வாசகி, பண்டாரவளை

பதில்: அவர்களுக்கும் வேலை உண்டு, தங்கச்சி. அந்த மடத்து ஜேமும் பழப்பாகும் தானாக விளைவதில்லை! 1931-ல் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அந்தக் கல்வீடு பின்னாளில் பெனடிக்ட் சபையின் மடமானது. பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் வகுத்த ஒழுங்கின் 48-ஆம் அதிகாரம் கைவேலைக்கும் வாசிப்புக்கும் தனித்தனியாக நேரம் குறிக்கிறது. இரண்டும் இறைவனுக்குச் செய்கிற ஊழியமே என்பது அதன் உயிர். காலையில் முடிச்சு விழுந்த வசனம் மரக்கறிப் பாத்தியில் களை பிடுங்கும்போது அவிழும், செய்து பாருங்கள்.

கேள்வி: பெரிய பொறுப்பில் இருந்துகொண்டு நம்மவர் யாராவது எழுதியிருக்கிறார்களா? எழுதினால் ஆங்கிலத்திலா, தமிழிலா?
– வாசகர், பதுளை

பதில்: சபாபதி குலேந்திரன் 1947-ல் தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்துக்கு முதல் பேராயரானார். 1970 வரை அந்தப் பாரம் அவர் தோளில்தான். அந்தப் பதவியில் இருந்துகொண்டேதான் கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் அருள் என்ற கருத்தை ஒப்பிட்டு 1964-ல் ஆங்கில நூலைத் தந்தார். 1967-ல் தமிழ் வேதாகமத்தின் வரலாற்றைத் தமிழிலேயே எழுதினார். யாருக்காக எழுதுகிறீர்களோ, அவர்கள் ஜெபிக்கிற மொழியில் எழுதுங்கள். தோட்டத்து லய வீடுகளில் ஜெபம் தமிழில்தான் நடக்கிறது.

கேள்வி: எழுதி முடித்தும் அச்சிட ஆள் இல்லாவிட்டால்?
– இளைஞர், ஹாலிஎல

பதில்: சீகன்பால்கு தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி 1713-ல் எழுதிய நூலை ஜெர்மனியில் அச்சிட மறுத்தார்கள். அவர் 1719-ல், 36 வயதில் இறந்துபோனார். நூல் 1867-ல் சென்னையில் வெளிவந்தது. 154 ஆண்டுக் காத்திருப்பு. கையெழுத்துப் படி பத்திரமாக இருந்ததால்தான் அது நடந்தது. ஆகவே இரண்டு பிரதி எடுத்து வையுங்கள். ஒவ்வோர் அத்தியாயத்தையும் ஜெபக் கூட்டத்தில் வாசித்துக் காட்டுங்கள். அச்சுக்கு முன்பே வாசகர் கிடைத்துவிடுவார்கள்.

கேள்வி: இறையியல் கல்லூரிப் படிப்பு எனக்கில்லை. அம்மா கொழுந்து பறித்தவர். நான் புதிதாக என்ன சொல்லிவிட முடியும்?
– தோட்டத்து வாசகர், வெலிமடை

பதில்: மத்தேயு 20-ஆம் அதிகாரத்தை எடுங்கள். விடியற்காலையில் வந்தவனுக்கும், பொழுது சாயும்போது வந்தவனுக்கும் திராட்சைத் தோட்டக்காரர் ஒரே கூலி கொடுக்கிறார். பட்டணத்தில் இதைப் புரியவைக்கப் பத்து நிமிஷம் விளக்க வேண்டும். கிலோக் கணக்குக் குறைந்ததால் அரைப் பேர், அதாவது அரைநாள் கூலி, விழுந்து, வெறுங்கையைப் பிசைந்துகொண்டு லயத்துக்குத் திரும்பிய அம்மாவுக்கோ ஒரே வரியில் புரியும். கடைசியாக வந்தவருக்கும் முழுப் பேர் போடுகிற கடவுள்! அந்த அம்மாவுக்கு அது எத்தனை பெரிய நற்செய்தி என்பதை, அவர் வயிற்றில் பிறந்த உங்களைவிட யார் நன்றாக எழுதிவிட முடியும்?

படிப்பும் வேண்டும், வாசியுங்கள், அறிந்தவர்களிடம் கேளுங்கள். ஆனால் அந்த நூலுக்கான முதல் பாடத்தை அம்மாவின் கொழுந்துக் கூடை உங்களுக்கு ஏற்கெனவே சொல்லித் தந்துவிட்டது. நாளை பிரட்டுக்கு முன் விளக்கைப் போட்டு, அம்மாவின் அரைப் பேரிலிருந்து முதல் பக்கத்தைத் தொடங்குங்கள்.