பொறுத்தார் ஷேர் ஆள்வாரா?

தொண்ணூறுகளின் நடுவில் ஷேர் விற்பது அரை நாள் வேலை. பீரோவிலிருந்து சர்டிபிகேட்டை மடங்காமல் எடுத்து, டிரான்ஸ்ஃபர் டீடில் கையெழுத்துப் போட்டு, சாட்சிக் கையெழுத்தும் வாங்கி, பாரிமுனைப் பக்கம் புரோக்கர் ஆபீசுக்குப் போக வேண்டும். கையெழுத்து கம்பெனியிடம் இருக்கும் மாதிரியோடு ஒத்துப்போகாவிட்டால் ‘பேட் டெலிவரி’ என்று திரும்பி வந்துவிடும். அப்பாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்த பிறகு அவர் காகிதங்கள் அப்படித்தான் திரும்பி வந்தன. அலுத்துப்போய் மறுபடி பீரோவிலேயே வைத்தார். பின்னாளில் அவற்றில் சில பல மடங்காயின. அவருடைய பொறுமையின் பலன் என்றுதான் வீட்டில் இன்றும் பேசிக்கொள்கிறோம். அதில் பொறுமைக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அந்த டிரான்ஸ்ஃபர் டீடுக்கும் அவ்வளவு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

அந்தத் தலைமுறைக்கு இன்னொரு தைரியம் இன்ஃபோசிஸ். 1993-ல் 95 ரூபாய்க்கு வெளியிட்டபோது முழுதாக வாங்க ஆளில்லை. பிறகு அது எங்கே போனது என்று ஊருக்கே தெரியும். ஆனால் அதே பொறுமையோடு, 2000-ல் புரோக்கர் கேதன் பரேக் செயற்கையாக ஏற்றிவிட்ட சாஃப்ட்வேர் பங்குகளை வைத்திருந்தவர்களும் உண்டு. சென்னைக் கம்பெனிகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. 2001-ல் எல்லாம் சரிந்தபின் அவற்றில் பல பழைய விலையைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. அந்தக் கதைகளை எந்தக் கல்யாண வீட்டிலும் யாரும் சொல்வதில்லை.

இன்று என் டீமேட் கணக்கில் ஒரு ஐடி கம்பெனி இருக்கிறது. 2021-ல் எல்லா ஐடி பங்குகளும் ஏறிக்கொண்டிருந்தபோது வாங்கியது. இப்போது வாங்கின விலைக்கு ரொம்பக் கீழே கிடக்கிறது. கைப்பேசியில் விரலை வைத்தால் விற்றுவிடலாம், மறுநாளே கணக்குத் தீர்ந்துவிடும். இவ்வளவு எளிதாகிவிட்ட பிறகு, விற்காமல் வைத்திருக்கும் ஒவ்வொரு நாளும் நானாக எடுக்கும் முடிவுதான். அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

“சித்தப்பா, பொறுத்தார் பூமி ஆள்வார்னு நீங்கதானே சொல்வீங்க? வாங்கின விலை வரட்டும், வித்துக்கலாம்” என்கிறான் அண்ணன் மகன்.

“நான் என்ன விலைக்கு வாங்கினேன்னு அந்தக் கம்பெனிக்குத் தெரியுமாடா?” என்றேன்.

அவனுக்கு சிஸ்கோவின் கதையைச் சொன்னேன். 2000 மார்ச்சில் உலகத்திலேயே அதிக மதிப்புள்ள கம்பெனி அது. ஒரு பங்கு 80 டாலர். ஆண்டு லாபத்தைப் போல் நூறு மடங்குக்கும் மேல். அது மோசடிக் கம்பெனி இல்லை, முழுகிப்போகவும் இல்லை. வருமானம் ஏறத்தாழ 19 பில்லியன் டாலரிலிருந்து 56 பில்லியனைத் தாண்டியது. 2011-லிருந்து டிவிடெண்டும் கொடுத்தது. ஆனாலும் அந்தப் பழைய உச்சத்தைத் தாண்ட 2025 டிசம்பர் வரை ஆனது. நல்ல கம்பெனியையே அளவுக்கு மீறின விலையில் வாங்கினவருக்குக் கால் நூற்றாண்டு போயிற்று.

என் பங்கின் சங்கடம் விலை மட்டும் இல்லை. காலாண்டு முடிவுகளை வரிசையாக எடுத்துப் பார்த்தேன். டாலர் ஏற்ற இறக்கத்தைக் கழித்துவிட்டால் வருமானத்தில் வளர்ச்சியே இல்லை. ஆள் சேர்த்தால் பில் ஏறும் என்ற கணக்கை நம்பித்தான் வாங்கினேன். ஏஐ வந்தபின் வாடிக்கையாளர்கள் அதே வேலைக்குக் குறைந்த விலை கேட்கிறார்கள். டிசிஎஸ்ஸே 2025 ஜூலையில் சுமார் 12,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தது. பெரிய கம்பெனிக்கே இந்த நிலை என்றால், நான் வாங்கின காரணம் கையில் இல்லை. அந்தக் காரணம் இருந்தால், இன்னும் பாதியாக விழுந்தாலும் வைத்திருப்பேன்.

மார்ச் முடிவதற்குள் விற்கிறேன். இந்த வருஷம் ஈக்விட்டி ஃபண்டு யூனிட்டுகளை விற்றதில் 1.25 லட்சத்துக்கு மேல் நீண்டகால லாபம் இருக்கிறது. மிஞ்சினதுக்குப் பன்னிரண்டரை சதவீதம் வரி. இந்த நஷ்டத்தை அதில் கழித்துக்கொள்ளலாம். கழித்தும் மீதி இருந்தால் எட்டு வருஷம் எடுத்துப்போகலாம், ரிட்டர்னைக் கெடுவுக்குள் தாக்கல் செய்தால் போதும்.

“வித்தபிறகு ஏறிட்டா?” என்றான்.

“ஏறட்டும். வளர்ச்சி திரும்பி வந்தா அன்னிக்கு விலைக்கு வாங்கறேன். அதுக்கு எது வரணும்னு இப்பவே எழுதி வச்சிருக்கேன், பாரு” என்று டைரியை நீட்டினேன்.