ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி

ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஓர் அரைப்புள்ளி என்று கண்ணில் பட்டால், அது ‘தமிழ்’ என்ற சொல்தான், பாமினியில் அடித்தது, அந்த எழுத்துரு இல்லாத கணினிக்கு வந்து சேர்ந்திருக்கிறது என்று பார்த்தவுடன் படித்துவிடும் தலைமுறை ஒன்று இருந்தது. நீங்களும் அதில் ஒருவரென்றால், பிரௌசிங் சென்டரில் நேரமும் காசும் ஓடிக்கொண்டிருக்க, மின்னஞ்சலின் அடியில் எந்த எழுத்துரு என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடியதும், அதை இறக்கி நிறுவியவுடன் கிறுக்கலாய்க் கிடந்த திரை சட்டென்று தமிழாகியதும் நினைவிருக்கும். இன்று கைப்பேசியில் ஒரு நாளில் வந்து குவியும் தமிழ் அத்தனையும் சேர்ந்தாலும் அந்த ஒரு கணத்துக்கு ஈடாவதில்லை.

யூனிகோடில் தமிழுக்கு 1991-இலேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் அதை ஒழுங்காகக் காட்டும் கணினி நம் வீடுகளுக்கு வர வருடங்கள் பிடித்தன. அதுவரை, 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையொட்டி வந்த டேப், டேம் என்ற குறியீட்டு முறைகள், இணையத் தமிழர்கள் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி, டி.டி.பி. கடைகளை ஆண்ட பாமினி, இவை போதாவென்று பத்திரிகைக்கொன்றாகத் தனி எழுத்துருக்கள். இவற்றில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றித் தரும் சிறிய லைப்ரரி ஒன்றை நண்பர்கள் சிலர் சேர்ந்து எழுதத் தொடங்கினோம். நிரல் சில பக்கம்தான். உழைப்பெல்லாம் ஆவணத்தில் போயிற்று. ஒவ்வொன்றுக்கும் கட்டம் போட்ட அட்டவணை. எழுத்துருவைத் திறந்து ஒவ்வோர் இடத்திலும் என்ன இருக்கிறதென்று பார்த்து நிரப்ப வேண்டும். டாட் மேட்ரிக்ஸில் அச்சடித்துச் சுவரில் ஒட்டி, காலியான கட்டமொன்றில் ‘ணூ’ வந்து உட்கார்ந்ததற்காக இரவு முழுக்கத் தூங்காமல் மகிழ்ந்த அந்தப் பையன்மீது எனக்கு இன்றும் பிரியம் உண்டு. யாரும் கேட்காத வேலைக்கு அவனிடம் அவ்வளவு நேரம் இருந்தது.

திஸ்கியில் தமிழ் என்பது நான்கே பைட். எழுத்துரு இல்லாமல் திறந்தால் முக்கால் பின்னம், தலையில் சாய்கோடு போட்ட ஏ, சென்ட் குறி, அதே சாய்கோட்டுடன் ஒரு யூ என்று தெரியும். அதிலே ‘கொ’ எழுத, கண்ணுக்குத் தெரியும் வரிசைப்படி முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடிலோ க முதலில், உயிர்க்குறி பின்னால். ஆகவே கொம்பைக் கண்டதும் கையில் பிடித்து நிறுத்திவைத்து, மெய் வந்தபின் அதன் பின்னால் விட வேண்டும். கால் தொடர்ந்தால் இரண்டையும் ஒன்றாக்க வேண்டும். இதை விளக்கிய பக்கத்தைத்தான் அதிகம் பேர் படித்தார்கள். டொராண்டோவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் முன்பின் தெரியாதவர்கள், அப்பா தொகுத்த ஊர்ப் பாடல்கள் பிளாப்பியில் இருக்கின்றன, திறக்க முடியவில்லை என்று தொடங்கி, நலம் விசாரித்து முடிப்பார்கள். இப்போது வருவது ஒற்றை வரி: “எழுத்து உடையுது.”

அதே தமிழ் இன்று யூடிஎஃப்-8-இல் பதினைந்து பைட், யாருக்கும் பாரமில்லை. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திஸ்கியில் தந்த நூல்களை இன்று எந்த எழுத்துருவும் தேடாமல் படிக்கலாம். எங்கள் ஆவணத்தின் எடுத்துக்காட்டுகள் ஒவ்வொரு வெளியீட்டின்போதும் தாமாகவே ஓடி, தவறினால் குரல் கொடுக்கின்றன. நல்ல காலம்தான். ஆனாலும் பைத்தானிடம் ‘தமிழ்’ எத்தனை எழுத்து என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புப் பிள்ளை மூன்று என்று சொல்வதற்கு அது ஐந்து என்கிறது. ‘ஔ’ வேண்டிய இடத்தில் ஒ-வும் ள-வும் அடித்து வைத்தால் கண் ஏமாறும், தேடல் ஏமாறாது. ஒரே ‘கொ’வை ஒரே குறியாகவும் வைக்கலாம், கொம்பும் காலுமாகப் பிரித்தும் வைக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றே, ஒப்பிட்டால் வேறு. குழப்பம் எழுத்துருவை விட்டு உள்ளே இறங்கிக்கொண்டதால், அன்றுபோல் பார்த்தவுடன் தெரிவதில்லை. ஆவணம் இன்னும் கவனமாக எழுத வேண்டியதாகிறது.

சென்ற முறை புதிய வெளியீட்டுக்குத் தயாரானபோது, எங்களோடு வேலை செய்யும் இளைஞர், “அண்ணா, டேபும் பாமினியும் இனி யாருக்கு வேணும்? அந்த அட்டவணையெல்லாம் எடுத்துடலாமே, பக்கம் சுத்தமாகும்” என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது; புதிதாக யாரும் பெரிதாக அவற்றில் எழுதப்போவதில்லை. ஆனால் எழுதி வைத்தவர்கள் இருக்கிறார்கள். எத்தனையோ சிற்றிதழ்களின் பழைய பேஜ்மேக்கர் கோப்புகள், மறைந்தவர்களின் கட்டுரைகள், இணையம் வந்த புதிதில் ஊரைவிட்டுப் போனவர்கள் எழுதிய கடிதங்கள் எல்லாம் அந்தக் கட்டங்களுக்குள்தான் கிடக்கின்றன. அட்டவணை இருக்கட்டும் என்றேன்; அவரும் ஒப்புக்கொண்டு, எழுத்துருப் பெயர் தெரியாத கோப்பை முதல் சில வரிகளின் தோற்றத்தை வைத்து அடையாளம் காண்பது எப்படி என்று ஒரு பக்கம் சேர்க்கலாமே என்று கேட்டார். அந்தப் பக்கத்தை இப்போது இருவருமாக எழுதிக்கொண்டிருக்கிறோம். பாமினிக்குக் கொடுத்திருக்கும் முதல் எடுத்துக்காட்டு எதுவென்று உங்களுக்கே தெரியும். டேபுக்குத்தான் இன்னும் நல்ல மாதிரிக் கோப்பு ஒன்று தேவைப்படுகிறது.